செக்ரோலில் பொன்னையா

மார்பு ஆஸ்பத்திரி, ஏழாம் வார்டு
8.3.1959

அன்புள்ள ராசம்மாவுக்கு, பொன்னையா எழுதிக்கொள்வது. நல்லபடியா வந்து சேந்து, கட்டிலும் கெடச்சிருச்சு. நீயும் நாகலெட்சுமியும் சொகமா இருக்கீங்களான்னு ஒடனே எழுது.

படம் எடுத்துப் பாத்துட்டு வலது பக்கம் ஓட்டைன்னு டாக்டர் சொன்னாரு. ஒம்பது மாசம் படுக்கணுமாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு ஞாபகம் வரல, நம்ம தேயிலை ஸ்டோர்தான் ஞாபகம் வந்துச்சு. பதினோரு வருசமா தேயிலை காய்ச்சுற அடுப்புக்கு முன்னால நின்னவன் நான். மூணு மாசம் வேலைக்கு வராதவன் பேரை செக்ரோல் புஸ்தகத்துல இருந்து வெட்டுறது நம்ம தோட்டத்து வழக்கம். பேரை வெட்டினா பத்துச்சீட்டைக் குடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிருவாங்க. நாம இருக்கிற லயத்துக் காம்பராவும் எம்பேர்லதான் இருக்கு.

ஆனா நீ பயப்படாத. நான் சும்மா நின்னுட்டு வரல. தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயாதான் துண்டு எழுதி அனுப்பிவச்சாரு. இங்க மாசாமாசம் சர்டிபிகேட் குடுக்கிறாங்க. இந்த மாசக் கடைசியில இருந்து அதை நேரா பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் ஐயாவுக்கு அனுப்பப் போறேன். கையில காகிதம் இருந்தா யாரும் அசைக்க முடியாது.

பிள்ளைய என் பாயில படுக்கவைக்காத. பாயை எரிச்சிரு.

இப்படிக்கு,
பொன்னையா

ஊசிப்பாறைத் தோட்டம், மஸ்கெலியா
22.3.1959

நாகலெட்சுமி அப்பாவுக்கு, ராசம்மா கும்பிட்டு எழுதுவது. நாங்க ரெண்டு பேரும் சாமி புண்ணியத்துல சொகம். உங்களுக்கு இருமல் கொறஞ்சிருக்கா? ஊசி போட்ட எடத்துல வீங்குதா?

பாயை அன்னிக்கே எரிச்சிட்டேன். அரிசி ஒழுங்காக் கெடைக்குது. நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறேன், பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. உங்க தம்பி முத்துலிங்கம் போன வாரம் வந்தாரு. ராகலைப் பக்கம் அவரு இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டாங்களாம். கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.

ஒண்ணு கேக்குறேன். சர்டிபிகேட்டை ஆபீசுக்கு அனுப்ப வேணாம். எனக்கே அனுப்புங்க. நான் பாத்துக்கிறேன். கிளாக்கர் ஐயாவுக்கு நீங்க தனியா ஒண்ணும் எழுதவேணாம்.

வேளைக்குச் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
ராசம்மா

ஏழாம் வார்டு
19.4.1959

அன்புள்ள ராசம்மாவுக்கு, நான் நலம். சித்திரை வருசத்தன்னிக்கு இங்க வெல்லச்சோறு குடுத்தாங்க. நீங்க என்ன செஞ்சீங்க?

நீ சொன்னபடி மார்ச்சு மாசத்து சர்டிபிகேட்டை உனக்குத்தான் அனுப்பினேன். ஏன் ஆபீசுக்கு வேணாம்னு நீ எழுதவே இல்ல. குடுத்தியா, யார்கிட்ட குடுத்தே, வாங்கினவர் என்ன சொன்னாருன்னும் எழுதல.

பக்கத்துக் கட்டில்ல பைஸர்னு ஒருத்தர் இருக்காரு. கினிகத்தேனையில ஒரு முதலாளி கடையில விற்பனைக்கு நின்னவர். இங்கிலீசு நல்லா எழுதுவாரு. நம்ம நோய்க்காரங்க குடும்பத்துக்கு கவர்மெண்டு மாசம் உதவிப்பணம் குடுக்குதாம். அதுக்கு எழுதிக் குடுக்கிற பாரத்தை அவருதான் வாங்கிக் குடுத்தாரு. இதோட வச்சிருக்கேன். இந்த ஆளு ஆஸ்பத்திரியில இருக்காரு, சம்பளம் இல்லன்னு தோட்டத்து ஆபீசுல ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நாளைக்கே கொண்டுபோய் போட்டு வாங்கு.

தம்பி இன்னும் அங்கதான் இருக்கானா? வேலை தேடுறானா?

இப்படிக்கு,
பொன்னையா

ஊசிப்பாறை
17.5.1959

நாகலெட்சுமி அப்பாவுக்கு ராசம்மா எழுதுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து எறங்கிருச்சு. இப்ப நாங்க சொகம். உங்க ஒடம்புக்கு எழுதுங்க.

பதில் எழுத நாளாயிருச்சு, கோவிச்சுக்காதீங்க. சர்டிபிகேட் ரெண்டும் பத்திரமா இருக்கு. உதவிப்பணம் இப்ப வேணாம். பாரத்தை எடுத்து வச்சிருக்கேன். நமக்கு இப்போதைக்குக் கஷ்டம் இல்ல. இதோட அஞ்சு ரூவா மணியாடர் அனுப்பியிருக்கேன், முட்டை வாங்கிச் சாப்பிடுங்க.

தம்பி ரோட்டு வேலைக்குப் போறாரு. வெறகு ஒடைச்சுக் குடுக்கிறாரு. பிள்ளைக்கு அவருன்னா உசிரு.

மறுபடியும் சொல்றேன். ஆபீசுக்கு எழுதாதீங்க. கேட்டா நல்லது.

ராசம்மா

ஏழாம் வார்டு
2.6.1959

ராசம்மாவுக்கு,

நான் நலமா இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியல.

பைஸரோட தம்பி இக்ராம், துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு தோட்டம் தோட்டமாப் போய் விக்கிறவன். ஞாயித்துக்கெழமை அண்ணனைப் பாக்க வந்தான். போன மாசம் ஊசிப்பாறைக்கும் போனானாம். "ஸ்டோர் பொன்னையா வூடா? அங்க இப்ப தம்பிதானே இருக்கார். ஸ்டோர்ல அண்ணன் நின்ன அதே அடுப்புலதான் நிக்கிறார்"னு சொன்னான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. பைஸர் கண்ணைக் காட்டினதும் நிறுத்திக்கிட்டான்.

ரோட்டு வேலைன்னு எழுதினியே ராசம்மா.

இப்ப எனக்கு எல்லாம் வெளங்குது. சர்டிபிகேட்டை ஆபீசுல குடுத்தா எம்பேர் நிக்கும். குடுக்காட்டி மூணு மாசத்துல வெட்டிட்டு வேற ஆளைப் போடுவாங்க. அந்த வேற ஆள் யாருன்னு இக்ராம் சொல்லிட்டான். கவர்மெண்டு காசை வேணாம்னு சொல்ற பொம்பளைய நான் கேள்விப்பட்டதில்ல. வேணாம்னு சொல்ற அளவுக்கு உனக்கு எங்க இருந்து வருது? அஞ்சு ரூவா யாரு குடுத்தது?

நான் இங்க படுத்திருக்கேன். என் வீட்டுல எவன் சோறு திங்குறான்? ஒளிக்காம எழுது.

பொன்னையா

ஊசிப்பாறை
21.6.1959

நாகலெட்சுமி அப்பாவுக்கு,

உங்க காகிதம் வந்துச்சு. பிள்ளை சொகமா இருக்கு.

நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் இருக்கு. காகிதத்துல எழுத முடியாது. நீங்க வந்ததும் நேர்ல கேளுங்க, ஒண்ணு விடாம சொல்றேன். அதுவரைக்கும் என்னை நம்பினா நம்புங்க.

ஊசியை நிறுத்திடாதீங்க.

ராசம்மா

ஏழாம் வார்டு
1.7.1959

ராசம்மாவுக்கு,

உன் நாலு வரியைப் படிச்சேன். காகிதத்துல எழுத முடியாத பதில் என்ன பதில்னு இங்க இருக்கிற சுவருக்குக்கூடத் தெரியும்.

நேத்து ஹட்டன்ல இருக்கிற கவர்மெண்டு லேபர் கந்தோருக்கு மனு போட்டுட்டேன். பைஸர்தான் இங்கிலீசுல எழுதினாரு. நோயில படுத்திருக்கிறவனோட பேரை வெட்டிட்டு அவன் எடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்க, பெரிய கிளாக்கர் ஐயாவுக்குத் தெரிஞ்சுதான் நடக்குது, விசாரிச்சு என் வேலையைக் காப்பாத்திக் குடுங்கன்னு கேட்டிருக்கேன். ஜூன் மாசத்து சர்டிபிகேட்டையும் வச்சு அனுப்பினேன்.

எழுத முன்ன பைஸர், "பொன்னையா, இன்னொரு தரம் வூட்டுல கேட்டுட்டு எழுதுவோமே"ன்னு சொன்னாரு. கேட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.

உன்கிட்ட சொல்லாம செஞ்சேன்னு நாளைக்கு நீ சொல்லக்கூடாது. அதுக்குத்தான் இது.

பொன்னையா

மஸ்கெலியா டவுன்
9.8.1959

நாகலெட்சுமி அப்பாவுக்கு ராசம்மா எழுதுவது. பிள்ளை சொகம். உங்களுக்குப் படம் எடுத்தாங்களா, ஓட்டை அடைஞ்சிருக்கா?

இப்ப எழுதலாம். இனிமே ஒளிக்க ஒண்ணும் இல்ல.

நீங்க போன பத்தாம் நாள் நான் பெரிய கிளாக்கர் ஐயாகிட்ட போய் அழுதேன். நோய்க்காரனுக்காக இந்தத் தோட்டத்துல யாரும் எடத்தை வச்சுக்கிட்டு இருந்ததில்லன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருசம் நெஞ்சு நோய்னு போன, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக்காரர் வீட்டைக் காலி பண்ணினப்ப அவரு கையிலயும் சர்டிபிகேட் இருந்துச்சு. கிளாக்கர் ஐயா, "பேர் கூப்பிட்டால் ஆரும் ஒருத்தன் பதில் சொல்லவேணும். ஆர் சொல்லுறான் எண்டு நான் நிமிந்து பாக்கமாட்டன்"னு சொன்னாரு. அந்த வாரந்தான் தம்பியும் வந்தாரு. ஸ்டோரைப் பாத்துக்கிற புது டீமேக்கருக்கு உங்க மூஞ்சி தெரியாது.

அன்னையில இருந்து தம்பி உங்க பேர்ல வேலை செஞ்சாரு. காலையில பொன்னையான்னு கூப்பிட்டா தம்பி ஏன்னு குரல் குடுத்தாரு. சம்பளம் பொன்னையா பேர்ல விழுந்துச்சு. அரிசி பொன்னையா பேர்ல வந்துச்சு. நீங்க எழும்பி வந்தா தம்பி வெலகிக்குவாரு, நீங்க போய் நிப்பீங்க. ஒரு நாள்கூட உங்க பேர் விடுபட்டிருக்காது. இதுதான் நாங்க போட்ட கணக்கு. தம்பி ஸ்டோர்ல நிக்கிறது தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எந்தப் பேர்ல நிக்கிறாருங்கிறது கூட நிக்கிற நாலு பேருக்குத்தான் தெரியும், அவங்களும் வாயைத் தொறக்கல.

சர்டிபிகேட்டை நான் ஏன் ஆபீசுல குடுக்கல, பாரத்துல ஏன் கையெழுத்து வாங்கலன்னு இப்ப வெளங்குதா? ஆஸ்பத்திரியில இருக்காருன்னு ஒரு காகிதம், வேலை செய்றாருன்னு ஒரு செக்ரோல். ரெண்டும் ஒரே மேசையில கெடக்க முடியுமா?

நான் எழுதுறதை மஸ்கெலியாவுல வந்து போடலாம். நீங்க எழுதுறது ஆபீஸ் தபால் பையிலதான் வரும். அதைத் தொறக்கிறது சின்ன கிளாக்கர். ஒட்டின காகிதத்தையும் ஆவி காட்டிப் பிரிச்சுப் படிக்கிற ஆளு. நான் உண்மைய எழுதியிருந்தா நீங்க அதுக்கு ஒரு பதில் எழுதியிருப்பீங்க. அன்னைக்கே தொரை காதுக்குப் போயிருக்கும். என் வீட்டுல எவன் சோறு திங்குறான்னு நீங்க கேட்டதையும் அவரு படிச்சாரு. ரெண்டு நாள்ல தண்ணிப் பீலியில பொம்பளைங்க அதை ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரிச்சாங்க. நான் கொடத்தை நெப்பிக்கிட்டு வந்துட்டேன். தம்பி ஒரு நாளும் நம்ம காம்பராவுல படுக்கல. ஸ்டோர் வெறகு மடுவத்துல சாக்கை விரிச்சுப் படுத்தாரு. சோத்தை நான் பிள்ளைகிட்ட குடுத்து அனுப்பினேன்.

லேபர் கந்தோர்ல இருந்து லேபர் ஐயா போன மாசம் இருவத்தெட்டாம் தேதி வந்தாரு. என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. பொன்னையா பேரை வெட்டிட்டீங்களாமேன்னு அவரு கேட்டாரு. தொரை சிரிச்சாரு. "வெட்டுறதா? நேத்தும் வேலைக்கு வந்திருக்கான், பாருங்க"ன்னு செக்ரோலைத் திருப்பிக் காட்டினாரு. ஸ்டோர்ல இருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னாங்க. தம்பி கையெல்லாம் தேயிலைத் தூளோட வந்து நின்னாரு.

"உன் பேர் என்ன?"

தம்பி என்னைப் பாத்தாரு. "பொன்னையாங்க."

லேபர் ஐயா உங்க சர்டிபிகேட்டை எடுத்து மேசையில வச்சாரு. "அப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறது யாரு?"

தம்பி அந்தக் காகிதத்தைப் பாத்தாரு. அப்புறம், "எங்க அண்ணன்ங்க"ன்னாரு. சொல்லும்போதே அழுதுட்டாரு. அவரு அழுது நான் பாத்ததில்ல.

தொரை நம்ம மூணு பேருக்கும் பத்துச்சீட்டுன்னு கத்தினாரு. அஞ்சு மாசச் சம்பளத்தைத் திருப்பிக் குடுக்கணும்னாரு. லேபர் ஐயா நல்ல மனுசன். வேலை நடந்திருக்கு, கூலி குடுத்திருக்கு, அதுல திருட்டு எங்க இருக்குன்னு கேட்டாரு. டிஸ்பென்சர் ஐயாவோட புஸ்தகத்தை வரச்சொல்லி, உங்களைத் தோட்டந்தான் அனுப்பி வச்சிருக்குன்னு தொரைக்கே காட்டினாரு. கடைசியா ஒரு முடிவுக்கு வந்தாங்க. உங்க பேரை வெட்டமாட்டாங்க, ஆஸ்பத்திரின்னு எழுதி வைப்பாங்க. சம்பளம் கெடையாது. நான் வேலை செய்றவரைக்கும் காம்பராவுல இருக்கலாம். நீங்க மனுவுல கேட்டது கெடச்சிருச்சு.

தம்பியை அன்னிக்கே தோட்டத்தை விட்டு வெளியேத்திட்டாங்க. போட்டிருந்த துணியோட போனாரு. செல்வரத்தினம் ஐயாவை கீழ்நாட்டுல ஒரு தோட்டத்துக்கு மாத்திட்டாங்க. சாமானை லொறியில ஏத்துறப்ப நான் போய் நின்னேன். அவரு சம்சாரம் குணபூசணியம்மா என்னைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க செஞ்சது சரிதான்.

என்னை நம்பினா நம்புங்கன்னு எழுதினேன். நீங்க லேபர் கந்தோரை நம்பிட்டீங்க.

ராசம்மா

ஏழாம் வார்டு
16.8.1959

அன்புள்ள ராசம்மாவுக்கு,

உன் காகிதத்தைப் பைஸர்கிட்ட காட்டல. யார்கிட்டயும் காட்ட முடியல. ரெண்டு நாளாச் சோறு எறங்கல, நர்சம்மா திட்டினாங்க.

தம்பி எங்க இருக்கான்? அதை மட்டும் எழுது.

பொன்னையா

ஏழாம் வார்டு
4.10.1959

அன்புள்ள ராசம்மாவுக்கு, பொன்னையா எழுதுவது. நீயும் பிள்ளையும் எப்படி இருக்கீங்க? ஏழு வாரமா உன்கிட்ட இருந்து ஒரு எழுத்தும் இல்ல. நான் கேக்குற எடத்துல இல்லன்னு தெரியுது. இருந்தாலும் கேக்குறேன்.

எனக்குச் சளியில கிருமி இல்லன்னு சொல்லிட்டாங்க. டிசம்பர்ல விடுவாங்களாம். பைஸர் போன வாரம் வீட்டுக்குப் போயிட்டாரு. போறதுக்கு நாலு நாள் முன்னால அவரு முதலாளிகிட்ட இருந்து காகிதம் வந்துச்சு. கடைக்கு வேற ஆள் எடுத்தாச்சு, வரவேணாம்னு. அவரு சர்டிபிகேட்டெல்லாம் ஒழுங்கா முதலாளிக்குத்தான் அனுப்பிக்கிட்டு இருந்தாரு. ஒண்ணுகூட விடல. நடந்ததையெல்லாம் பிறகு நான் அவருகிட்ட சொல்லியிருந்தேன். பெட்டியைக் கட்டும்போது என்னைப் பாத்து, "உமக்கு வூட்டுல ரெண்டு பேர் இருந்தாங்க பொன்னையா"ன்னு மட்டும் சொன்னாரு.

இங்க படுத்துக்கிட்டு நான் எதையெல்லாம் நெனச்சேன்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். காகிதத்துல எழுதினதைவிட மோசமா நெனச்சேன். நோய் நெஞ்சுல மட்டும் இல்ல. அதுக்கு இங்க ஊசி குடுக்கல.

நான் வரலாமா ராசம்மா?

பொன்னையா

ஊசிப்பாறை
15.11.1959

நாகலெட்சுமி அப்பாவுக்கு ராசம்மா எழுதுவது. நாங்க சொகம். நீங்க தேறினது சந்தோசம். அதைக் கேட்டுப் பிள்ளை அழுதுச்சு.

இந்தக் காகிதம் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு. ஆகட்டும்.

உதவிப்பணத்துப் பாரத்துல புது கிளாக்கர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. போன மாசத்துல இருந்து வருது. இந்த மூணு மாசமும் ஒரு நாள் வேலை விட்டா அடுப்பு எரியாதுங்கிற நெலமையிலதான் இருந்தோம். அதை உங்களுக்கு எழுதல, இப்பவும் கொறையா எழுதல. நீங்க வந்ததும் அடுப்புக்கு முன்னால நிக்க வேணாம்னு டிஸ்பென்சர் ஐயா எழுதிக் குடுத்திருக்காரு. கொழுந்து வாட்டுற மாடியில லேசான வேலை. கூலி கொறச்சல்தான்.

வரலாமான்னு கேட்டிருந்தீங்க. வீடு உங்களது, வாங்க. ஆனா நம்ம ஊருக்கு எறங்குற ஹட்டன்ல எறங்காதீங்க. ரயில்லயே உக்காந்திருங்க. நானுஓயா வரைக்கும் போங்க. அங்க ஸ்டேசன்ல மரக்கறி மூட்டை ஏத்துற வேலையில தம்பி இருக்காரு. பேர்ப்பதிவு இல்ல, தங்க எடம் இல்ல. யாரோ ஒரு கடைக்காரர் பின்கட்டுல படுக்கச் சொல்லியிருக்காராம். மாசாமாசம் பிள்ளைக்கு ரெண்டு ரூவா அனுப்புறாரு. இந்த ஊருக்குள்ள அவரு வரமாட்டேன்னுட்டாரு. தொரைக்குப் பயந்து இல்ல. உங்க காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு அவருக்கும் யாரோ சொல்லிட்டாங்க.

அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. விருந்தாளியா ஒரு நாள் வந்து நம்ம வீட்டுல உக்காந்து சோறு திங்கட்டும். லயத்துல எல்லாரும் பாக்கட்டும். தனியா வர்றதா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலயே இருங்க.

குளிருக்குக் கம்பளி இல்லாம ரயில் ஏறாதீங்க.

ராசம்மா

நானுஓயா
16.12.1959

மதினிக்கு முத்துலிங்கம் எழுதுவது. நான் சொகம். பிள்ளையக் கேட்டதாச் சொல்லுங்க.

அண்ணன் முந்தாநேத்து ரயில்ல வந்து எறங்கினாரு. நான் மரக்கறி மூட்டையத் தூக்கிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா எதிர்ல நிக்கிறாரு, பாதி ஆளாப் போயிட்டாரு. மூட்டையோட மறு முனையைப் புடிக்க வந்தாரு. "விடுங்க, நெஞ்சு இப்பத்தான் ஆறியிருக்கு"ன்னு கத்திட்டேன். விடமாட்டேன்னாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னோம். ஸ்டேசன் மாஸ்டர் வந்து வெரட்டினாரு.

ரெண்டு நாளா என்கூடத்தான் இருக்காரு. இன்னும் அந்தப் பேச்சை எடுக்கல, நானும் எடுக்கல. வரமாட்டேன்னு மூணு தடவை சொல்லிட்டேன். அவரு துணிப்பையைத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டு, "அப்ப நானும் இங்கயே இருக்கேன்"னு சொல்றாரு. இந்தக் குளிர்ல அவரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது மதினி?

ஞாயித்துக்கெழமை காலை ரயிலுக்கு வாறோம். எனக்கும் சேத்து ஒலை வையுங்க.

இப்படிக்கு,
முத்துலிங்கம்